கூடு கட்டும் பறவைக்கு என்ன தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடு என்பது முடிந்துபோன வேலையின் மிச்சம். அதைப் பார்த்து வியப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறார்கள். பறவைக்குப் பொறியாளரின் மூளை இருக்கிறது என்பது ஒன்று. எல்லாம் பிறவியிலேயே வந்தது, அதற்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பது மற்றொன்று. கூட்டை விட்டுவிட்டுக் கட்டும் பறவையையே நாள்கணக்கில் உற்றுப் பார்த்தவர்கள் கண்டவை இவ்விரண்டிலும் சரியாக அடங்குவதில்லை.

கூடு கட்டும் திறன் பிறவியில் வருவதா, கற்றுக்கொள்வதா?

இரண்டும் கலந்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. எந்தப் பகுதி எதிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம்.

இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1867-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பறவைக் கூடுகளை விளக்க ‘இயல்பூக்கம்’ (பிறவியிலேயே வரும் உந்துதல்) என்ற சொல்லை இழுத்துவர வேண்டியதில்லை, நினைவும் பார்த்துச் செய்தலும் கிடைக்கும் பொருளுமே போதும் என்று வாதிட்டார். அந்தக் கருத்து நெடுங்காலம் எடுபடவில்லை. ஒரே இனத்துப் பறவைகள் ஒரே மாதிரியான கூடுகளைக் கட்டுகின்றன, முதன்முறை கட்டும் பறவையின் கூட்டையும் பார்த்தவுடன் இன்ன இனத்தின் கூடு என்று சொல்லிவிட முடிகிறது, ஆகவே கற்பதற்கு இங்கே இடமில்லை என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது.

இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் நிக்கலஸ் கோலியாஸும் எல்சி கோலியாஸும். இந்தத் தம்பதியர் ஆப்பிரிக்காவில் வாழும் ஒருவகைத் தூக்கணாங்குருவியின் இளம் ஆண்களைப் பச்சைப் புல்லோ ஓலையோ கிடைக்காதபடி வளர்த்து, பிறகு அவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறு வயதிலிருந்தே புல்லைக் கிழித்தும் கோத்தும் விளையாடிய பறவைகளோடு ஒப்பிட்டால், இவை நெசவில் வெகுவாகப் பின்தங்கின. அதே வேளையில், பச்சை நிறப் பொருளின் மேல் ஒரு சாய்வும், எதையாவது அலகால் பிடித்துக் கோக்க வேண்டும் என்ற உந்துதலும் அனுபவமில்லாத பறவைகளிடமும் காணப்பட்டன. உந்துதல் பிறவியில் வந்தது. கை தேர்ந்தது பழக்கத்தால். (பறவைக்குக் கை ஏது என்று கேட்பவர்கள், அலகு என்று வைத்துக்கொள்ளலாம்.)

வரைபடம் எதுவும் இல்லாமல் தூக்கணாங்குருவி எப்படி அவ்வளவு ஒழுங்கான வடிவத்தைக் கட்டுகிறது?

ஆண் பறவை ஒரு புல் தாளின் ஓரத்தில் அலகால் சிறு வெட்டுப் போடுகிறது. வெட்டிய இடத்தைக் கவ்விக்கொண்டு அப்படியே பறந்து எழுகிறது. பறக்கும் வேகத்தில் தாளின் ஓரம் நீளமான நாராகக் கிழிந்து வந்துவிடுகிறது. ஒரு நார் 20 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். கிளைநுனிக்கோ ஓலை நுனிக்கோ திரும்பி வந்து, நாரின் ஒரு முனையைக் காலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை அலகால் சுற்றி, உட்செலுத்தி, மறுபுறம் போய் இழுக்கிறது. இப்படி ஒரு கூட்டை முடிக்க ஏறத்தாழ 500 முறை வரை அது போய் வர வேண்டியிருக்கிறது.

முதலில் உருவாவது ஒரு வளையம். அதன் பிறகு நடப்பதுதான் கவனிக்கத்தக்கது. வளையத்தின் அடிப்பகுதியில் நின்றுகொண்டு, எட்டிய தூரம் வரை அலகை நீட்டி நீட்டிப் பறவை நெய்கிறது. நிற்கும் இடம் அதிகம் மாறுவதில்லை. ஆகவே அதன் உடலும் கழுத்தும் எட்டும் தூரமே அறையின் ஆரமாகிவிடுகிறது. சுவர் தானாகவே வளைந்து உருண்டை வடிவம் பெறுகிறது. ஒரு பக்கம் முட்டையறை, எதிர்ப்பக்கம் வாயில். முழுக் கூட்டின் உருவத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டிய தேவை இங்கே இல்லை. ‘இங்கே நில், எட்டும் இடத்தில் உள்ள இடைவெளியை நிரப்பு’ என்பது போன்ற சில எளிய விதிகள் போதும்.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் அது வெறும் இயந்திரம்தானே’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நார் வழுக்கினால் வேறு இடத்தில் பிடிக்கிறது. காய்ந்த நாரை விட்டுப் பச்சை நாரைத் தேடுகிறது. காற்றில் பிய்ந்த பகுதியை வந்து செப்பனிடுகிறது. விதி எளிதாக இருக்கலாம். அதை எந்த இடத்தில், எந்த நாரைக் கொண்டு, எத்தனை முறை செயல்படுத்துவது என்பதைப் பறவை ஒவ்வொரு நொடியும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

பாதி கட்டிய கூடுகள் ஏன் அத்தனை எண்ணிக்கையில் தொங்குகின்றன?

ஆண் தூக்கணாங்குருவி கூட்டைத் தலைக்கவசம் போன்ற நிலை வரை கட்டிவிட்டு, சிறகடித்துப் பெண்களை அழைக்கிறது. இந்த நிலைக்கு வர ஏறத்தாழ 8 நாட்கள் ஆகும். முழுக் கூட்டுக்கு 18 நாட்கள். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கிறது. ஏற்றுக்கொண்டால் ஆண் மீதியைக் கட்டி நீண்ட நுழைவுக் குழாயை இறக்குகிறது. இல்லாவிட்டால் கூடு அப்படியே நின்றுபோகிறது. ஒரு கூட்டில் பெண் அமர்ந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கும் வழக்கத்தை, சலீம் அலி 1931-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கமாகப் பதிவு செய்தார்.

பெண் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்பது பிற்பாடு ஆராயப்பட்டது. நெசவின் நேர்த்தியை விட, கூடு தொங்கும் உயரம், கிளையின் மெல்லிய தன்மை, மரத்தில் முள் இருக்கிறதா என்பன போன்ற இடம் சார்ந்த கூறுகளுக்கே அது கூடுதல் எடை தருகிறது. நாம் கூட்டின் வேலைப்பாட்டைப் பார்த்து மயங்குகிறோம். குடியிருக்கப் போகிற பறவையோ பாம்பு ஏறி வருமா என்று பார்க்கிறது.

தூக்கணாங்குருவி மின்மினிப் பூச்சியை ஒட்டிவைத்துக் கூட்டுக்கு விளக்கேற்றுகிறது என்பது உண்மையா?

களிமண்ணையோ சாணத்தையோ கொண்டுவந்து கூட்டின் உட்சுவரில் அப்பும் வழக்கம் உண்மை. மின்மினிக்கு ஆதாரம் இல்லை. பகலில் இயங்கி இரவில் உறங்கும் பறவைக்கு விளக்கால் பயனும் இல்லை.

ஒரே இனத்துப் பறவைகள் எல்லாம் ஒரே முறையில்தான் கட்டுகின்றனவா?

இல்லை. போட்ஸ்வானாவில் தூக்கணாங்குருவியின் உறவினமான ஒரு பறவையைப் படம்பிடித்து ஆராய்ந்த முடிவுகள் 2011-இல் வெளியாயின. ஒரு பருவத்தில் பல கூடுகள் கட்டும் ஆண் பறவைகள், ஒரு கூட்டை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் கட்டியதுண்டு. ஒரே பறவையின் செய்முறையே கூட்டுக்குக் கூடு மாறியது. இன்னொன்றும் தெரிந்தது: அனுபவம் கூடக் கூட, கட்டும்போது நழுவிக் கீழே விழும் புல்லின் எண்ணிக்கை குறைந்தது. புல் விழுகிறதா என்று எண்ணுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ‘பறவைக்கு எல்லாம் பிறவியிலேயே தெரியும்’ என்ற பேச்சுக்கு அதைவிட எளிய மறுப்பு கிடைக்காது.

எந்தப் பொருள் நல்லது என்று பறவைக்குத் தெரியுமா?

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடைகள் கூண்டில் வளர்க்கப்படும் ஜீப்ரா ஃபின்ச் என்ற சிறு பறவையிடமிருந்து கிடைத்தன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சூ ஹீலியும் அவருடைய குழுவினரும் இந்த ஆய்வுகளில் பலவற்றைச் செய்தார்கள். இந்த இனத்தில் பொருள் சேர்ப்பதும் கட்டுவதும் பெரும்பாலும் ஆணின் வேலை.

ஒரு சோதனையில் சில ஆண்களுக்குத் தொளதொளப்பான நூலும், சிலவற்றுக்கு விறைப்பான நூலும் தரப்பட்டன. விறைப்பான நூலில் குறைந்த எண்ணிக்கைத் துண்டுகளிலேயே கூடு முடிந்தது. அதன்பின் இரண்டையும் ஒருசேர வைத்தபோது, கட்டிப் பழகிய பறவைகள் விறைப்பான நூலையே நாடின. கட்டிய அனுபவம் இல்லாதவற்றிடம் அத்தகைய விருப்பம் தென்படவில்லை. நூலைப் பார்ப்பதால் அல்ல, கட்டிப் பார்ப்பதால்தான் அதன் குணம் தெரியவந்தது.

இன்னொரு சோதனையில் கூட்டைச் சுற்றியுள்ள சுவருக்கு வண்ணத்தாள் ஒட்டி, அதே நிறத்திலும் வேறு நிறத்திலும் காகிதக் கீற்றுகள் வைக்கப்பட்டன. பெரும்பாலான ஆண்கள் சுவரோடு ஒத்துப்போகும் நிறத்தைத் தேர்ந்து கூட்டை மறைத்துக் கட்டின. முழுக்க முழுக்க அந்த நிறத்திலேயே கட்டவில்லை, இடையிடையே மற்ற நிறக் கீற்றுகளும் இருந்தன. அது கவனக்குறைவா, அல்லது ஒரே நிறப்பரப்பை உடைத்துக் காட்டுவதுதான் இன்னும் நல்ல மறைப்பா என்று ஆய்வாளர்களே கேட்டார்கள்.

மூன்றாவது ஆய்வு பறவையின் நினைவைத் தொட்டது. ஆணுக்குப் பிடித்த நிறம் எது என்று முதலில் பார்த்துவிட்டு, பிடிக்காத நிறத்துப் பொருளைக் கொடுத்துக் கட்ட வைத்தார்கள். அந்தக் கூட்டில் குஞ்சுகள் நன்றாக வளர்ந்து வெளியேறின என்றால், அடுத்த முறை அந்தப் பறவை தன் பழைய விருப்பத்தை விட்டு, வெற்றி தந்த நிறத்துக்கு மாறியது.

குஞ்சாக இருந்தபோது பார்த்த கூட்டைத்தான் வளர்ந்தபின் கட்டுகிறதா?

கேட்க இயல்பான விளக்கம்தான், ஆனால் அதற்கு ஆதரவு குறைவு. தாம் பிறந்த கூட்டைப் போன்ற கூட்டை ஜீப்ரா ஃபின்ச்கள் கட்டுவதில்லை என்று ஒரு சோதனை காட்டியது. மாறாக, முதன்முறை கட்டப்போகும் ஆண், தனக்குப் பழக்கமான இன்னொரு பறவை எந்த நிறப் பொருளால் கட்டுகிறது என்று பார்த்து, அதே நிறத்தைத் தேர்ந்தது. பழக்கமில்லாத பறவை கட்டுவதைப் பார்த்தபோது அந்தப் பாதிப்பு இல்லை. யாரிடமிருந்து கற்பது என்பதிலும் பறவைக்குத் தேர்வு இருக்கிறது.

காட்டில் இதற்கு இணையாக ஒன்று தென்னாப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் கண்டறியப்பட்டு, 2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. வெண்புருவச் சிட்டு நெசவாளர் என்று சொல்லத்தக்க ஒரு பறவை அங்கே குழுக்களாக வாழ்ந்து, ஒன்றுசேர்ந்து முள்மரங்களில் புல் கூடுகளைக் கட்டுகிறது. இனப்பெருக்கக் கூட்டுக்கு ஒரு வாயில். இரவில் தங்கும் கூட்டுக்கு இரண்டு வாயில்கள். 43 குழுக்களின் 400-க்கும் மேற்பட்ட கூடுகளை அளந்து பார்த்தபோது, ஒரு குழுவின் கூடுகளில் வாயிற்குழாய் நீண்டிருப்பதும், அருகிலேயே வாழும் அடுத்த குழுவில் அது குட்டையாக இருப்பதும் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்தன. தட்பவெப்பம், மர உயரம், பறவைகளின் உடல் அளவு, மரபுவழி உறவு ஆகியவற்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்த பறவைகளும் புகுந்த குழுவின் பாணியிலேயே கட்டின. இதைக் கட்டடக்கலை மரபு என்று அழைக்கத் தயங்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

மூளையில் இதற்கெனத் தனிப் பகுதி உண்டா?

‘கூட்டு மையம்’ என்று ஒன்று இல்லை. சிக்கலான கூடு கட்டும் இனங்களில் சிறுமூளையின் மடிப்புகள் கூடுதலாக இருப்பது 2013-இல் காட்டப்பட்டது; அசைவுகளை நுட்பமாக ஒழுங்குபடுத்தும் பகுதி அது. கட்டிக்கொண்டிருக்கும் ஜீப்ரா ஃபின்ச்சின் மூளையில், அசைவுகளை வரிசைப்படுத்தும் பகுதிகளோடு சமூக நடத்தைக்குரிய பகுதிகளும் செயல்படுவது வேறோர் ஆய்வில் தெரிந்தது.

அப்படியானால் அழகான கூடு கட்டும் பறவை அறிவுள்ளது, குச்சியை அள்ளிப் போடும் பறவை மந்தமானது என்று கொள்ளலாமா?

கூடாது. காகத்தின் கூடு குச்சிக் குவியல்தான். ஆனால் சிக்கல்களைத் தீர்ப்பதில் காகக் குடும்பத்துக்கு ஈடான பறவைகள் மிகச் சில. வெள்ளை ஆலா என்ற கடற்பறவை கூடே கட்டாமல் வெறுங்கிளையின் பள்ளத்தில் ஒரு முட்டையை இட்டுவைக்கிறது. குயில் தன் அறிவு முழுவதையும் பிறர் கூட்டைக் கண்டுபிடிப்பதில் செலவிடுகிறது. கூட்டின் தோற்றம் அந்த இனத்தின் தேவையைச் சொல்லும், அறிவைச் சொல்லாது. அறிவைப் பார்க்க வேண்டுமானால், நிலைமை மாறும்போது பறவை என்ன செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மல்லீ கோழி இதற்கு நல்ல சான்று. பார்வைக்கு அதன் கூடு ஒரு மண்மேடு, அவ்வளவுதான். உள்ளே இலைதழை மக்கும்போது எழும் சூட்டில் முட்டைகள் பொரிகின்றன. ஆண் கோழி மேட்டுக்குள் அலகை நுழைத்து நுழைத்துச் சூட்டை அறிந்து, ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ் நிலைக்கும்படி மண்ணை அள்ளிப் போட்டும் தள்ளியும் மாதக்கணக்கில் பாடுபடுகிறது. ஹாரி ஃபிரித் என்ற ஆய்வாளர் 1950-களில் அந்த மேட்டுக்குள் மின்சூடாக்கியைப் புதைத்து, வேண்டுமென்றே சூட்டைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். பருவத்துக்குப் பொருந்தாத அந்தச் சூட்டுக்கும் கோழி மேட்டைத் திறந்து ஈடுகொடுத்தது.

கருவி செய்யும் காகத்தை அறிவாளி என்கிறோம். கூடு கட்டும் சிட்டை ஏன் அப்படிச் சொல்வதில்லை?

இந்தக் கேள்வியை உயிரியலாளர்களே எழுப்பியிருக்கிறார்கள். நியூ கலிடோனியக் காகம் குச்சியை வளைத்துக் கொக்கி செய்து புழுவை இழுத்தால் அது செய்தியாகிறது. தையல்சிட்டு இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையோ பஞ்சையோ அதில் நுழைத்து இலையைப் பையாகத் தைத்தால் அது வழக்கமான செயல் என்று ஒதுக்கப்படுகிறது. பொருளைத் தேர்தல், மாற்றியமைத்தல், உரிய இடத்தில் பொருத்தல் என்று பார்த்தால் இரண்டிலும் வேறுபாடு அதிகமில்லை. கருவி என்பதற்கு நாம் கொடுத்த வரையறைதான் ஒன்றை உள்ளேயும் மற்றொன்றை வெளியேயும் நிறுத்தியது.

வெப்பம், எதிரி, ஒட்டுண்ணி ஆகியவற்றுக்கேற்பக் கூடு மாறுமா?

மாறும். நீளவால் சிட்டு என்ற ஐரோப்பியப் பறவையின் கூட்டில் பாசி, மரப்பாசிச் செதில், சிலந்தி முட்டைப்பை, இறகு எனச் சுமார் 6,000 துண்டுகள் இருக்கும். பருவத்தின் தொடக்கத்தில், குளிர் மிகுந்த நாட்களில் கட்டிய கூடுகளில் இறகு அதிகம். வெயில் ஏறிய பின் கட்டியவற்றில் குறைவு. சைபீரிய ஜே என்ற பறவைக்கு எதிரிகளின் குரலை ஒலிபரப்பிக் காட்டியபோது, அது மறைவு மிகுந்த இடத்தைக் கூட்டுக்குத் தேர்ந்து, முட்டைகளையும் குறைத்துக்கொண்டது.

மெக்சிகோ நகரத்துச் சிட்டுக்குருவிகளும் ஃபின்ச்களும் சிகரெட் துண்டுகளைக் கூட்டுக்குள் வைப்பது பலரும் கேட்டறிந்த செய்தி. துண்டுகள் கூடியிருந்த கூடுகளில் ஒட்டுண்ணிகள் குறைவாக இருந்தன. இது தற்செயலா என்று அறிய, கூடுகளில் உயிருள்ள உண்ணிகளை விட்டுப் பார்த்தார்கள். ஃபின்ச்கள் மேலும் துண்டுகளைக் கொண்டுவந்தன. ஆனால் அதே நச்சு குஞ்சுகளின் இரத்த அணுக்களில் மரபணுச் சிதைவை உண்டாக்குவதும் கண்டறியப்பட்டது. பறவை ஒரு தொல்லைக்கு மருந்து கண்டது. அந்த மருந்தின் பின்விளைவை அறிய அதற்கு வழியில்லை.

நகரங்களில் கம்பியும் பிளாஸ்டிக்கும் கொண்டு கட்டுகின்றனவே, அதுவும் அறிவுதானா?

சில இடங்களில் ஆம் என்று சொல்லலாம், சில இடங்களில் சொல்ல முடியாது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில், காகக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்பை என்ற பறவையின் கூடு ஒன்றில், பறவைகள் உட்காராமல் இருக்கக் கட்டடங்களில் பொருத்தும் உலோக முட்கள் ஏறத்தாழ 1,500 இருந்ததாக 2023-இல் செய்தி வெளியானது. காகங்கள் முட்டையைத் திருடாமலிருக்க முள் கிளைகளால் கூட்டுக்குக் கூரை போடுவது மேக்பையின் வழக்கம். அந்த முட்களைப் பிடுங்கிவந்து கூரையில் வெளிநோக்கி நிறுத்தியிருந்ததால், அது அவற்றை எதற்குப் பயன்பட வேண்டுமோ அதற்கே பயன்படுத்தியது என்று கருத இடமுண்டு. ஸ்பெயினில் கரும்பருந்துகள் கூட்டில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள், இந்த எல்லை வலுவான பறவையுடையது என்று மற்றப் பருந்துகளுக்கு அறிவிக்கும் அடையாளமாகின்றன. வலிமை குன்றிய பருந்து அப்படி அலங்கரிப்பதில்லை.

ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் நாமக்கோழி என்ற நீர்ப்பறவைகள் கட்டிய ஒரு கூடு வேறு மாதிரி. நீர்ச்செடிகள் அழுகிவிடும், பிளாஸ்டிக் அழுகாது. ஆகவே ஆண்டுதோறும் பழைய கூட்டின் மேலேயே புதியது ஏறியது. அடுக்குகளைப் பிரித்தவர்கள் மேலே முகக்கவசங்களையும், அடியில் 1994 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் விளம்பரம் அச்சிட்ட சாக்லேட் உறையையும் கண்டார்கள். இது பறவையின் திட்டமல்ல. கிடைத்ததை அள்ளிவைத்தது, அது மக்காமல் நின்றது.

கூடு கட்டுவதைப் பார்க்க விரும்புகிறேன். எதைக் குறித்துக்கொள்ள வேண்டும்?

முதலில் தொலைவு. பறவை அலகில் பொருளை வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் அருகில் தயங்கி நின்றால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்கிவிடுங்கள். முட்டையிடும் முன் தொல்லைப்பட்ட பறவை கட்டியதைக் கைவிடுவது எளிது.

அதன்பின் கூட்டை வரைவதை விட, தவறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை பொருளை நழுவவிட்டது, நழுவியதை மீண்டும் எடுத்ததா அல்லது புதிதைத் தேடிப் போனதா, எந்தப் பொருளை எடுத்துப் பார்த்துவிட்டு எறிந்தது, ஆணும் பெண்ணும் மாறி மாறி வந்தனவா, மழைக்குப் பின் எந்தப் பகுதியை முதலில் செப்பனிட்டது என்று நேரத்தோடு எழுதிவையுங்கள். காலை வேளையில் அரைமணி நேரம் போதும். அதே பறவை அதே பருவத்தில் இரண்டாவது கூடு கட்டினால், இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நழுவவிட்ட எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம்.